மிசின்ல போட்டதாட்ட

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளகோவில் பக்கத்தில் இருக்கும் நண்பனின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சாளைத் (தோட்டத்து வீட்டுத்) திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்து முடித்ததும், "இரு, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று உள்ளே போனான். பழைய வேட்டியில் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு கையிலும் தாங்கி எடுத்து வந்தான். பிரித்தால், வில். ஐந்தரை அடி நீளம், ஒரே மரம், ஒட்டு இல்லை. ஒரு பக்கம் வெளிர் மஞ்சள், மறுபக்கம் செம்பழுப்பு. இரண்டு நிறமும் சேரும் கோடு விலாவில் ஆறு மாதிரி ஓடியது. ஆளிவிதை எண்ணெய் பூசித் துணியால் தேய்த்துத் தேய்த்து, தொட்டால் கைக்குச் சூடு இருப்பதுபோல் ஒரு மெருகு. பிடியில் பருத்திக் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. நுனிகளில் நாண் உட்காரும் காடிகளை வட்ட அரத்தால் அறுத்திருந்தான், குழந்தையின் நகத்தளவுதான் ஆழம்.

நான் அதை வாங்கியதும் செய்த முதல் காரியம், ஒரு நுனியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, மறு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை பார்த்தது. பட்டறையில் பம்பு ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற பழக்கம். பார்த்துவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். "அட, மிசின்ல போட்டதாட்டவே இருக்குதுடா!" அவன் லேசாகச் சிரித்தான். நான் அதோடு விடவில்லை. கீழ்ப்பாதியில் ஓரிடத்தில் மரம் நெளிந்து, ஒரு கணுவைச் சுற்றிப் புடைத்திருந்தது. அதில் விரலை வைத்து, "இந்த எடம் மட்டும் கொஞ்சம் கோணலா நிக்குது. ஒரு இழைப்பு இழைச்சிருந்தீன்னா நேராயிருக்கும்" என்றேன். "அப்படியா" என்று வில்லைத் திருப்பி வாங்கினான். வேட்டியில் சுற்றினான். அப்புறம் சோளத்தட்டு என்ன விலை போகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

காங்கயம் தாண்டி, பல்லடம் தாண்டி, சூலூர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் அந்த "அப்படியா" காதிலேயே இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வருடத்துக்கு மேல் செய்ததை முதல் ஆளாக என்னிடம் காட்டியிருக்கிறான். நானும் மனதாரத்தான் பாராட்டினேன். ஆனாலும் ஏதோ தப்பாகிவிட்டது. என்ன தப்பு என்று பிடிபட எனக்கு நாலு மாதம் ஆனது.

கோயமுத்தூரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொன்ன வார்த்தை புரியும். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அம்மா சுட்ட முறுக்கு ஒரே அளவாக இருந்தால் மிசின்ல போட்டதாட்ட. தங்கையின் கையெழுத்து வரிசை தப்பாமல் இருந்தால் மிசின்ல போட்டதாட்ட. மிசின் வருவதற்கு முன்னால் "அச்சில் வார்த்தாப்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் சோறு போடுகிற ஊரில், அளவு தப்பாததுதான் அழகு. எனக்கும் அந்த ஊர்தான் சோறு போடுகிறது. பம்புக்கான ஷாஃப்ட் கடைகிற பட்டறையில் வேலை. ஒரு முடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு விலகினாலும் ஜாப் ரிஜெக்ட். அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு நான் எதையும் பார்த்ததில்லை. அதை இழிவாகவும் நான் நினைக்கவில்லை. அந்த அளவு இல்லையென்றால் நண்பனின் கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே ஏறாது.

போர் வண்டிக்கு வழிவிட்ட மரம்

வில்லின் கதையை அவன் எனக்குத் தவணை முறையில்தான் சொன்னான், பாதி போனில். அவன் தோட்டத்தை ஒட்டி நாலு ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரங்கள். மாடு மேய்கிற காடு. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடத் திருச்செங்கோட்டு வண்டி உள்ளே வர வழி போதவில்லை என்று, ஓரத்தில் நின்ற இளம் வெள்வேல் ஒன்றை வெட்டினார்கள். நாலு இன்ச் தடிமன்தான் இருக்கும். விறகுக்குப் போக வேண்டியது. அவன் அதில் ஆறடியைத் துண்டாக அறுத்து வைத்துக்கொண்டான்.

ரம்பம் போட்டு அதைப் பலகையாக்கியிருந்தால் அரை மணி நேர வேலை. அவன் ஆப்பு வைத்துப் பிளந்தான். அது நேராகப் பிளக்கவில்லை, சாரைப்பாம்பு போகிறாப்போல நெளிந்து நெளிந்து பிளந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆனி, ஆடிக் காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்த மரம் அது, நேராகப் பிளந்தால்தான் ஆச்சரியம் என்பான். இரண்டு பாதியிலும் வெட்டுவாயில் மெழுகு பூசினான். மரத்தின் ஈரம் வெட்டுவாய் வழியாகத்தான் சீக்கிரம் வெளியேறும், அடைக்காவிட்டால் அங்கிருந்து வெடிப்பு ஓடிவிடும். அட்டாலியில் (பரணில்) போட்டுவிட்டு வாரம் ஒரு தடவை இறக்கி எடை பார்த்து, சாளைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான். முதல் பாதி ஆறு கிலோவில் ஆரம்பித்து, நாலே கால் கிலோவுக்கு வந்து நின்றுவிட்டது. தொடர்ந்து நாலு வாரம் எண் மாறாததைப் பார்த்த பிறகுதான் மரம் செதுக்குகிற வாய்ச்சியைக் கையில் எடுத்தான். "வெறகுக் கட்டைக்குத் தராசு வெச்சுப் பாக்கறவன் இந்த ஊருல என்ற பையன் ஒருத்தன்தான் கண்ணு" என்று அவன் அம்மா என்னிடம் சொன்னார். சொல்லும்போது குறையாகச் சொல்லவில்லை.

வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. எய்கிறவனைப் பார்த்திருக்கிற பக்கம் வயிறு, குறியைப் பார்த்திருக்கிற பக்கம் முதுகு. நாணை இழுக்கும்போது வயிறு நசுங்குகிறது, முதுகு நீள்கிறது. முதுகில் ஓடுகிற ஒவ்வொரு நாரும் நுனியிலிருந்து நுனி வரை அறுபடாமல் இருந்தால்தான் அந்த இழுப்பைத் தாங்கும். ஒரு நாரை வெட்டிவிட்டால் வெட்டிய இடத்தில் சிலும்பு கிளம்பும், ஒரு நாள் அங்கேயே முறியும். அதனால் பட்டையை உரித்தெடுத்தபின் முதுகில் அவன் கத்தி வைக்கவே இல்லை. மரம் எப்படி நெளிந்ததோ அப்படியே விட்டுவிட்டான். கணு இருக்கும் இடத்தில், ஆற்றுக்குள் கிடக்கும் பாறையைத் தண்ணீர் சுற்றிப் போவதுபோல் நார் சுற்றிப் போகும். அங்கே மரத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். நான் விரல் வைத்து "கோணல்" என்று சொன்ன இடம் அதுதான். நான் சொன்னபடி இழைத்திருந்தால் வில் அங்கே இரண்டாகியிருக்கும். 1545-ல் மூழ்கி 1982-ல் கரையேற்றப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் யூ மரத்தில் செய்த விற்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. அவற்றிலும் கணுக்களைச் சுற்றி இதே மாதிரி மரத்தை விட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்று போனில் படம் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். கறுத்துப்போன ஒரு மரத்தில் என் விரல் வைத்த அதே புடைப்பு.

எங்கள் பக்கத்துக்கு வில் ஒன்றும் புதிது இல்லைதான். கரூர் அமராவதி மணலில் கிடைக்கிற சேரர் காசுகளில் வில்லும் அம்பும் இருக்கின்றன. கொல்லிமலைக்கு ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை ஐந்து உயிர்களைத் துளைத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார். ஆடிப் பதினெட்டுக்கு அங்கே விழாவும் நடக்கிறது. ஆனால் அந்த வில் எந்த மரம், அதைச் செய்தவன் யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எய்தவன் பேர் நிற்கிறது. பிளந்து, காயவைத்து, சுரண்டிக் கொடுத்த கை யாருடையதோ.

சித்திரையில் திரும்பப் போனபோது அந்த வில்லை நாணேற்றிக் கையில் கொடுத்தான். 27 இன்ச் இழுத்தால் 38 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 17 கிலோ. இழுக்க இழுக்கக் கனம் சீராக ஏறிக்கொண்டே வந்தது. எந்த இடத்திலும் முட்டவில்லை. எதிரே வைக்கோல் கட்டு. அம்பு வைக்காமலேயே விட்டுப் பார்க்கலாம் என்று விரலைத் தளர்த்தப் போனேன். பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வெறும் நாணை விடாத! மெதுவா, அப்படியே திரும்பக் கொண்டு வா." அம்பு இருந்தால் வில்லின் வேகத்தை அது எடுத்துக்கொண்டு போய்விடும். இல்லையென்றால் அத்தனையும் மரத்துக்குள்ளேயே திரும்பும், ஒரே தடவையில் வெடித்துவிடலாம். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. அன்றைக்குத்தான் அந்த மரத்தை அவன் எப்படி வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

கட்டுத்தரைச் சுவர்

ஆனிக் கடைசியில் போனபோது பை நிறையப் பழைய பவர் ஹேக்ஸா பிளேடுகளைக் கொண்டு போனேன். எங்கள் பட்டறையில் பல் தேய்ந்ததும் கழித்துவிடுவது. அதைத் துண்டாக்கி விளிம்பைக் கிரைண்டரில் பிடித்துத் தந்தால் மரம் சுரண்டுவதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. மறு பாதிக் கட்டையில் அடுத்த வில்லுக்கு உருவம் வந்திருந்தது. மாடு கட்டுகிற கட்டுத்தரையின் சுவரில் ஒரு கட்டையை அடித்து, அதன்மேல் வில்லின் பிடியை உட்கார வைத்திருந்தான். கீழே பழைய கிணற்றுக் கப்பி. நாணில் கட்டிய கயிறு கப்பி வழியாக வெளியே வருகிறது. பத்தடி தள்ளி நின்று கயிற்றை இழுத்தால் வில் சுவரில் வளைவதைப் பார்க்கலாம். பின்னால் சுவர் முழுக்கக் கரியால் கட்டம் போட்டிருந்தான்.

என் சட்டைப் பையில் எப்போதும் தடிமன் அளக்கிற வெர்னியர் இருக்கும். பிடியிலிருந்து சாண் சாணாக இரண்டு கையையும் அளந்தேன் (வில்லின் இரண்டு பாதியையும் அவன் கை என்றுதான் சொல்கிறான்). மேல் கை 12.6 மில்லி இருக்கிற இடத்துக்கு நேராகக் கீழ்க் கை 14. இன்னோரிடத்தில் ஒரு மில்லி வித்தியாசம். பென்சிலால் குறித்துக் காட்டினேன். "இது ரெண்டும் ஒண்ணா இல்லையே." அவன் கொஞ்ச நேரம் என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் வில்லைச் சுவரிலிருந்து இறக்கி என் மடியில் வைத்தான். "சரி, உன்ற கணக்குப்படியே சுரண்டு."

ஒன்றரை மணி நேரம் சுரண்டினேன். பிளேடை இரண்டு கட்டை விரலால் லேசாக வளைத்துப் பிடித்து, உடம்புப் பக்கமாக இழுக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் தூள் வராது, சுருள் சுருளாக வரும், அப்பளம் மாதிரி மெல்லிசாக. வெள்வேலின் உள்மரம் சுரண்டும்போது லேசாகப் புளிப்பு வாசம் அடிக்கும். முடிக்கும்போது இரண்டு கையும் எல்லா இடத்திலும் 0.2 மில்லிக்குள் ஒன்றாக இருந்தன. எனக்கு அதில் உண்மையாகவே பெருமை. சுவரில் மாட்டினோம். அவன் கயிற்றை மெதுவாக இழுத்தான்.

கீழ்க் கை ஓரிடத்தில் மட்டும் முழங்கால் மடங்குவதுபோல் மடங்கியது. அதற்குக் கீழே உள்ள பாகம் அப்படியே விறைத்து நின்றது. மேல் கை பாதிதான் வளைந்திருந்தது. கரிக்கட்டத்தின் மேல் பார்த்தால் இரண்டும் ஒரே மரத்தின் இரண்டு பாதி என்றே சொல்ல முடியாது. நான் நினைத்தால் முன்பே கணக்குப் போட்டிருக்கலாம். விறைப்பு என்பது தடிமனின் மும்மடியில் ஏறி இறங்கும். 12 மில்லியில் அரை மில்லி எடுத்தால் அந்த இடத்தில் விறைப்பு 12 சதவீதம் போய்விடும். அதுவும் மரம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால்தான். இரும்பை வார்க்கும்போது அதைச் சீராக்கித்தான் வார்க்கிறோம். மரம் ஒரு பக்கம் வெயில் பார்த்து வளர்ந்திருக்கும், ஒரு பக்கம் காற்றுக்கு முதுகு கொடுத்து வளர்ந்திருக்கும். சாணுக்குச் சாண் அதன் பலம் வேறு. அளவை ஒன்றாக்கியதும் வளைவு இரண்டாகிவிட்டது. அவன் செய்த முதல் வில்லைக் கொண்டுவரச் சொல்லி அதே வெர்னியரால் அளந்தேன். எந்த இரண்டு இடமும் ஒத்துப்போகவில்லை. கீழ்க் கை மேல் கையைவிட ஒன்றரை இன்ச் குட்டை வேறு. அதைச் சுவரில் மாட்டி இழுத்தான். இரண்டு கையும் பிறைநிலா மாதிரி ஒன்றுபோல் வளைந்து வந்தன. நான் கோணல் என்று சொன்ன இடத்தில்கூட ஒரு தயக்கமில்லை.

அவன் கயிற்றைத் தளர்த்தினான். "வளையற எடத்தைத் தொடக் கூடாது. வளையாம நிக்கற எடத்தைத்தான் சுரண்டணும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது பாரு." அவ்வளவுதான் சொன்னான். நான் கெடுத்த அந்தக் கட்டை ஒன்பது மாதம் அட்டாலியில் காய்ந்தது. "போயிருச்சா?" என்று கேட்டேன். மடங்குகிற இடத்தைத் தேற்ற முடியாது, மற்ற எல்லா இடத்தையும் அதன் பலத்துக்கு இறக்க வேண்டும் என்றான். அப்படிச் செய்தால் 15 பவுண்டுதான் தேறும். "பெரியவங்களுக்கு ஆகாது. பாப்பாளுக்கு ஆகும்." அவன் மகளுக்கு ஒன்பது வயது.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தபோது, நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் இருந்த வயதான ஃபிட்டர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். லேத் மிசினின் அடித்தளமான பெட்டைச் சரி பண்ணுவது அவர் வேலை. சமதளத் தட்டில் நீல மையைப் பூசி, பெட்டின்மேல் வைத்துத் தேய்ப்பார். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்தப் பொட்டுகளை மட்டும் கையால் ஸ்க்ரேப்பர் பிடித்துச் சுரண்டுவார். திரும்ப மை, திரும்பத் தேய்ப்பு, திரும்பச் சுரண்டல். ஒரு பெட்டுக்கு நாள் கணக்காகும். நான் ஷாஃப்ட் கடைந்த மிசினின் நேர் அவர் கையிலிருந்து வந்தது. எந்த இடம் மேடு என்று இரும்பையே கேட்டுத்தான் அவர் கை வைப்பார், நண்பன் சுவரில் மாட்டிக் கேட்பதைப் போல. பக்கத்தில் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். ஒரு நாளாவது அவர் வேலையை நல்லா இருக்கிறது என்று சொன்னேனா என்று யோசித்தேன். சொன்னதாக ஞாபகமில்லை. மிசின் நல்ல மிசின் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் மாதம் ஒரு தடவையாவது வெள்ளகோவில் போகிறேன். சுரண்டுவது கொஞ்சம், பார்ப்பது அதிகம். இருபது இழுப்பு சுரண்டினால், வில்லை முப்பது தடவையாவது சுவரில் இழுத்து விட வேண்டும். சுரண்டியது மரத்துக்கு அப்போதுதான் தெரியும் என்பது அவன் பேச்சு. நான் கயிற்றை இழுப்பேன், அவன் தள்ளி நின்று பார்ப்பான். அப்புறம் இடம் மாறிக்கொள்வோம். முதல் தடவை எனக்கு வெறும் வளைவுதான் தெரிந்தது. மூன்றாவது தடவை போனபோது இரண்டு கையும் வேறு வேறு மாதிரி வளைகின்றன என்று தெரிந்தது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. அவனாகவும் காட்டித் தரவில்லை.

தீபாவளி முடிந்து மழை விட்டிருந்த ஒரு பொழுதோட, பாப்பாளுடைய வில் சுவரில் இருந்தது. அவளும் பக்கத்தில் கப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வெர்னியர் பையோடு திண்ணையில் கிடந்தது. நண்பன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். நான் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடினேன், திறந்தேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தேன். "மேல் கையில, காடியிலிருந்து ரெண்டு சாண் கீழ, அந்தச் சின்னக் கணுவைத் தாண்டினதும் ஒரு நாலு விரக்கடை வளையவே இல்லை" என்றேன். அவன் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு நான் நின்ற இடத்துக்கு வந்து நின்றான். வெகு நேரம் பார்த்தான்.

"ஆமா" என்றான். வில்லை இறக்கி என் மடியில் வைத்து, பிளேடை எடுத்துக் கையில் கொடுத்தான். "பத்து இழுப்பு. அதுக்கு மேல வேண்டாம்."

பாப்பாள் என் முழங்கால் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, விழுகிற சுருளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே எண்ணினாள். ஏழு, எட்டு, ஒம்பது.